நாற்பத்தைந்து டிகிரி

நீடாமங்கலம் கேட்டுக்கு இந்தப் பக்கம்
மூன்றாவது கடை என்னுடையது.
ரேடியம் ஸ்டிக்கர், நம்பர் பிளேட், ஷீல்டு.
கண்ணீர் அஞ்சலி அடிப்பதில்லை,
அதற்கு எதிர்க்கடை.

தரணிதரன் போனில் காட்டினான்.
சிவப்பு, நடுவே வெள்ளை வட்டம்,
வட்டத்துக்குள் அது.
"டேங்க்குக்கு ரெண்டு பக்கமும்ணா,
செம கெத்தா இருக்கும்."
யாருடையது தெரியுமா என்றேன்.
"ஹிட்லர்ணா" என்றான்,
பக்கத்துத் தெருக்காரரைச் சொல்வது மாதிரி.
எங்கள் பி.டி. வாத்தியாருக்கும் அதுதான் பட்டப்பெயர்.
ஓய்வு பெற்ற அன்று
ஷீல்டில் அதையும் ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினேன்.
சிரித்துக்கொண்டேதான் வாங்கினார்.

கம்ப்யூட்டரில் நம்முடையது ஏற்கெனவே இருக்கிறது.
புதுக்கணக்கு நோட்டுக்கு, நகைக்கடைக் கண்ணாடிக்கு,
நான்கு புள்ளியோடு நேராக நிற்கும்.
புள்ளிகளை அழித்துவிட்டு
நாற்பத்தைந்து என்று தட்டினால் போதும்.
சாய்ந்துகொள்கிறது.
ஒரு நொடி ஆகவில்லை.

வெட்டிய பிறகுதான் வேலை.
வேண்டாததை ஊசியால் உரிக்க வேண்டும்.
வேண்டாதது விரலில் சுருண்டு ஒட்டும்,
உதறினாலும் போகாது.

அன்று காலைதான் தாலுகா ஆபீஸ் போய் வந்திருந்தேன்.
எங்கள் ஒன்றரை மா
இன்னும் வைரக்கண்ணு பேரில் கிடக்கிறது.
அப்பாவின் பெரியப்பா.
முப்பத்தேழில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி
பினாங்கு போனார், ரப்பர் மரம் சீவினார்,
இரண்டு மணியார்டர் வந்தது.
பிறகு ஜப்பான்காரன் வந்து
சயாமுக்குத் தண்டவாளம் போட
லாரியில் ஏற்றினான்.
அவ்வளவுதான் வீட்டில் தெரியும்.
அதுவும் பட்டாவுக்காகக் கேட்டதால் தெரியும்.
"இறப்புச் சான்று?" என்கிறார் துணை தாசில்தார்.
இறந்த இடம் என்று படிவத்தில் ஒரு கட்டம்.
காடு என்று எழுதலாமா சார் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை, பாவம்,
மின்விசிறி ஓடாத அறை.

ஊசி நின்ற இடத்தில்
எதிரே சாம்பிள் பலகை.
இரண்டாவது வரிசையில் சூரியன்,
சிவப்பு வட்டம், பதினாறு கதிர்.
ஹெல்மெட்டுக்கு எண்பது, டேங்க்குக்கு நூற்றைம்பது.
கட்சிக்காரர் ஒருத்தர்
நம்ம சூரியன்தானே என்று இரண்டு வாங்கிப் போனார்.
இந்த வருஷம் அறுபது ஓடியிருக்கும்.
வைரக்கண்ணு ஏறிய லாரிக்கு மேலே
பறந்திருக்கக்கூடியது அதுதான்.
நானே வெட்டி, நானே உரித்து,
குமிழ் விழாமல்
நானே கட்டைவிரலால் தேய்த்து ஒட்டியவை.

வாயில் நுழையாத பேருள்ள ஊர் ஒன்றில்
இப்போது யாரோ ஒருத்தி
ஏதோ ஓர் ஆபீசின் படியேறிக்கொண்டிருக்கலாம்.
கையில் ஒரு பெயர்,
இடம் என்ற கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை.
அந்தப் பெயரை ஏற்றிக்கொண்டு போனது
என் மேஜையில்
பாதி உரித்துக் கிடக்கிறது.

"பிளேடு உடைஞ்சிருச்சு தம்பி" என்றேன்.
உடையவில்லை.
இவ்வளவையும் நின்றபடி சொல்ல முடியாது,
அவன் இன்ஜினை அணைக்கவே இல்லை.
எதிர்க்கடைக்குத் திருப்பினான்.

சூரியனை எடுத்துவிட்டாயா என்றால்,
அன்று எடுத்தேன்.
வெள்ளிக்கிழமை ஒரு பையன் வந்து
இங்கதானே இருந்துச்சு என்றான்.
டிராயரில் இருந்ததைக் கொடுத்தேன்.
நூற்றைம்பது.

சாயந்தரம் ஆறு மணி.
கேட் மூடியிருக்கிறது,
நெல் ஏற்றிய கூட்ஸ் ஊர்கிறது.
வரிசையில் நான்காவது வண்டி தரணியுடையது.
மட்கார்டில் அம்மா துணை, அது நான் ஒட்டியது.
டேங்க்கில் சாய்ந்தபடி மற்றது.
ஓரத்தில் குமிழ் விழுந்திருக்கிறது,
எதிர்க்கடைக்காரனுக்குக் கை போதாது.
அவனுக்குப் பக்கத்தில் ஒரு சூரியன்.
இருவரும் ஒரே போனில்
எதையோ பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அந்தப் பாதையில்
கட்டைக்கு ஓர் ஆள் என்று கணக்குச் சொல்வார்களாம்.
கடைசி வேகன் போனதும் குனிந்து பார்த்தேன்.
இங்கே கட்டையெல்லாம்
எப்போதோ சிமெண்ட்டாக மாற்றிவிட்டார்கள்.
கேட் பாதி எழும்புவதற்குள்
எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.